அளக்காத இடத்தில் ஒரு கோடு

மருத்துவமனைகளில் நோயாளிக்கு மருந்து ஏற்றும் கருவிக்கு மென்பொருள் செய்யும் கம்பெனி அது. அதன் கையேட்டை எழுதுவது அவள் வேலை. எழுதுவதுகூடப் பெரிதில்லை, வரைபடங்கள்தான் உயிரை வாங்கும். ஒவ்வொரு பதிப்புக்கும் நாற்பத்திரண்டு. சோதனைப் பிரிவு அனுப்பும் எண்களைப் பார்த்துப் புள்ளி வைத்துக் கோடு இழுப்பதற்குள் கண் பூத்துவிடும்.

வெறுத்துப்போய் ஒருநாள் அவளே ஒரு நிரல் எழுதினாள். எண்களைக் கொடுத்தால் போதும், மூன்றே நிமிடத்தில் அத்தனை படங்களும் கையேட்டில் போய் உட்கார்ந்தன. மேலாளர் கைதட்டினார். 'மூணு நிமிஷம் மேடம்' என்று பட்டப்பெயரே விழுந்தது.

ஏழு மாதம் கழித்து ஒரு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. எந்த எண்ணில் வைத்தால் எவ்வளவு மருந்து இறங்கும் என்று காட்டும் படத்தைப் பார்த்து நர்ஸ் கருவியைத் திருப்பியிருக்கிறாள். படம் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு இறங்கிவிட்டது. நோயாளி இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பிழைக்கவில்லை. நர்ஸை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள்.

கடிதத்தைப் படித்ததும் கையேடு எழுதியவள் அந்தப் படத்துக்கான சோதனைத் தாளைத் தேடி எடுத்தாள். நர்ஸ் வைத்த எண்ணுக்கு நேரே அளவே இல்லை. 'அளக்கவில்லை' என்று எழுதியிருந்தது. நிரல் அந்தச் சொல்லைத் தாண்டிப்போய், இந்தப் பக்கத்து எண்ணையும் அந்தப் பக்கத்து எண்ணையும் வழவழவென்று இணைத்திருந்தது. கையால் வரைந்திருந்தால் எழுந்துபோய்ச் சோதனைப் பிரிவில் கேட்டிருப்பாள்.

அவள் போய்ச் சொன்னதும் மேலாளர் கதவைச் சாத்தினார். "நர்ஸோட கவனக்குறைவுன்னு ஆஸ்பத்திரிக்காரங்களே முடிவு பண்ணிட்டாங்க. நீங்க ஏம்மா வலியப்போய்த் தலையைக் குடுக்கறீங்க?"

"படத்துல இருந்ததைத்தானே சார் அந்தப் பொண்ணு செஞ்சிருக்கு?"

"படத்தைச் சத்தமில்லாம மாத்திடுங்க. போதும்."

மாற்றினாள். பிறகு சோதனைத் தாளையும் சேர்த்து மருத்துவமனைக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

"நல்லா யோசிச்சியா?" என்றான் கணவன்.

"அனுப்பிட்டேங்க."

அந்த வாரமே வேலை போனது. மறுமாதம் ஒரு மதியம் அந்த நர்ஸ் தொலைபேசியில் அழைத்தாள்.

"எம்மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்கக்கா. திரும்ப வரச் சொன்னாங்க. நான் போகலை."

"ஏம்மா?"

"அன்னிக்கு அந்தப் படத்தை ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் சரியாத்தான் தெரிஞ்சுது. இனிமே எதைப் பார்த்து நம்பறது?"

அவள் "என்னை மன்னிச்சிடும்மா" என்று வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் நர்ஸ் தொலைபேசியை வைத்துவிட்டிருந்தாள்.