ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும்தான். நான் வழக்கமாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஓட்டுநருக்கு நேர் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் பாட்டிலை நீட்டினாள். நரைத்த தலை ஓட்டுநர் மறுபேச்சில்லாமல் இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க அக்கா சார்," என்றார் இறங்கப்போன என்னிடம், அசடு வழிய. "கிட்னி ஒரு தடவ படுத்துடுச்சு. அதுலேர்ந்து என்னை விடமாட்டேங்குது."

மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: 'சிறுநீரகம் என்பது அவரை விதை வடிவில் அமைந்த...' (வேண்டாம். பாடப் புத்தக வாடை.)

தொடக்கம் இரண்டு: 'அக்காதான் அந்த மாத்திரையைக் கொடுத்தாள்.'

இதுவே இருக்கட்டும். தம்பி அப்போது நெடுந்தூர வண்டி ஓட்டினான். (ஓட்டுநரை 'அவர்' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் 'அவன்' ஆகிவிட்டான்.) வழியில் வண்டியை ஓரங்கட்டி இறங்க முடியாது என்று தண்ணீரே குடிக்க மாட்டான். அந்தத் தொழிலில் அது ஒரு கெட்ட பழக்கம். அந்த வாரம் முதுகுவலியோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. அக்கா தன் மூட்டுவலி மாத்திரை அட்டையைக் கொடுத்து, "ரெண்டு ரெண்டா போடு, கேக்கும்" என்றாள்.

கேட்டது. வலி நின்றது. சில நாளில் சிறுநீரும் நின்றது. தண்ணீர் வற்றிய உடம்பில் வலி மாத்திரை கிட்னியைப் படுக்க வைத்துவிட்டது என்றார் டாக்டர்.

3

டயாலிசிஸ் அறைக்கு வெளியே இருந்த நாற்காலிகள் வரிசையாகத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கப்பட்டவை. அக்காவுக்கு வேறு நாற்காலிகள் ஞாபகம் வந்தன. சின்ன வயதில் வீட்டு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் அது பஸ். முன்னால் தம்பி, கையில் பாத்திர மூடி. பின்னால் அவள் கண்டக்டர். தலையணைகள் பயணிகள்.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்பாள்.

"ஏறியாச்சு, ஏறியாச்சு," என்பான், திரும்பிக்கூடப் பார்க்காமல். பாதித் தலையணை கீழே கிடக்கும். புளுகன். அவள் நாற்காலி முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உர்ரென்று வாயாலேயே வண்டியைக் கிளப்பிவிடுவான்.

(இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டிலும் நாற்காலிகள் இருந்தன. அந்த வீடு இப்போது இல்லை.)

4

சிறுநீரகம் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் டாக்டர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சொந்தக்காரர் ஒருவரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, ஊசி வழியாக ஏற்றுவார்கள்.

"என்கிட்டேர்ந்து எடுங்க," என்றாள் அக்கா, அவர் முடிப்பதற்குள்.

"முழுசாக் கேளுங்கம்மா. சில பேருக்குத்தான் செல் ஏத்துவோம். மத்தவங்களுக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு ஆராய்ச்சி முடியற வரைக்கும் எங்களுக்கே தெரியாது."

"ஏத்தினா அது கிட்னியா மாறிடுமா?"

"மாறாது. கிட்னில அடிபட்டுக் கிடக்கற செல்லை எல்லாம் தட்டி எழுப்பும்னு நம்பறோம். அதுங்களாவே எழுந்துக்கறதும் உண்டு."

அவள் இடுப்பெலும்பில் ஊசி இறங்கியது. செல் வளரும்வரை டயாலிசிஸ் ஓடியது. பிறகு ஒரு பை சொட்டுச் சொட்டாக அவனுக்குள் போனது. எந்தப் பை என்று தெரியாது. அடுத்த வாரம் ஒரு காலையில் கொஞ்சம் சிறுநீர் வந்தது. நர்ஸ் காட்டியபோது அக்கா அங்கேயே நின்று அழுதுவிட்டாள்.

'அக்காவின் செல்தான் அவனைக் காப்பாற்...' என்று எழுதி, அடித்துவிட்டேன். டாக்டரே சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? ஆனால் அவளுக்கு அந்த வாக்கியம்தான் வேண்டியிருந்தது. அந்தப் பையில் இருந்தது தன்னுடையது என்றால், மாத்திரை நீட்டிய கையை அவளால் மன்னிக்க முடியும். உப்புத்தண்ணீர் என்றால், அவள் கொடுத்தது மாத்திரை மட்டும்தான்.

5

ஆராய்ச்சி முடிந்துவிட்டது, கேட்டால் சொல்வார்கள். அக்காவுக்குத் துணிச்சல் வரவில்லை. தம்பி பரிசோதனைக்குப் போனபோது கேட்டு வருவதாகச் சொன்னான்.

முடிவு ஒன்று: செல். அக்கா நிம்மதியாக... (இனிப்பு ஜாஸ்தி.)

முடிவு இரண்டு: உப்புத்தண்ணீர். தம்பி அதைச் சொல்ல வாயெடுத்து... (எனக்கு மனசு வரவில்லை.)

ஆகவே மறுபடியும் பஸ். இப்போது அவன் டவுன் வண்டிக்கு மாறிவிட்டான். ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் கழிப்பறை உண்டு. ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு கேட்கிறாள்.

"கேட்டியாடா?"

"கேட்டேன்."

"என்னதாம் அது?"

"உன்னோடதுதான்க்கா," என்கிறான், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அக்கா பாட்டில் மூடியைத் திருகுகிறாள். பிறகு தலையை நிமிர்த்தி, அவன் தலைக்கு மேல் இருக்கும் பெரிய கண்ணாடியைப் பார்க்கிறாள். அதில் அவன் கண் தெரியும். பார்த்துவிட்டு, முன்னால் இருக்கும் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுகிறாள். வண்டி கிளம்புகிறது.

கண்ணாடியில் அவள் என்ன பார்த்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் நாலு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தேன்; எனக்குத் தெரிந்தது அவன் பின்தலை மட்டும்தான். உங்களுக்கு அவளுக்குப் பக்கத்திலேயே இடம் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.