கர்த்தருக்குள் மகள்

இன்னும் மூன்று பேர். அப்புறம் நான். கண்ணை மூடிக்கொண்டு முறை எண்ணுகிறேனே, இதற்குப் பெயர் ஜெபமா?

கிருபா இமைகளை லேசாகத் திறந்தாள். டில்லி கிட்வாய் நகரில் ஞானம் அக்காவின் முன்னறை. கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவிட்டு ஜமக்காளம் விரித்திருந்தார்கள். வட்டமாகப் பெண்கள், தலையில் முக்காடு. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இங்கே சங்கிலி ஜெபம். வட்டத்தில் ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர வேண்டும், யாரும் விட்டுப் போகக் கூடாது. டிவியில் படம் போடுவதற்குள் முடித்துவிடுவார்கள்.

ஜெபக் குறிப்புகளை அக்கா முதலிலேயே சொல்லியிருந்தாள். ஊரில் மழை வேண்டும். எமிலியின் கணவருக்கு ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைக்க வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம சலோமிக்காகவும் மனசுல பாரத்தோட ஜெபிக்கணும்."

நம்ம சலோமி அந்த வீட்டின் பின்னறையில்தான் குடியிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அதுவரை அதற்குப் பின்னால் ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பெயர் அடிபட்டதும் நின்றுவிட்டது.

இப்போது பாக்கியத்தின் முறை. "ஆண்டவரே, வழிதப்பிப் போற அந்தச் சகோதரியைத் திருப்பும். புருஷன் உயிரோட இருக்கையில அந்நிய ஆம்பளை ஸ்கூட்டர்ல உக்காந்து போறா ஆண்டவரே. சரோஜினி நகர் மார்க்கெட் பக்கம் நாங்களே கண்டோம். பச்சைச் சேலை கட்டியிருந்தா. அந்த மனுஷன் நெத்தியில திருநீறு. நீர் அறிவீர்."

அறிந்தவருக்கு எதற்குச் சேலையின் நிறம்? கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கூச்சமும் வந்தது. இதே வட்டத்தில் அவளும் எத்தனையோ பேரை ஜெபத்தில் கண்ணீரோடு ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்திருக்கிறாள். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு இனிப்பு ஊறும். கண்ணை மூடிக்கொண்டால் புறணிகூட விண்ணப்பம் ஆகிவிடுகிறது.

சலோமியைச் சபைக்கு அழைத்து வந்தவள் கிருபாதான். நாகர்கோவிலில் கணவன் முறித்த மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருக்க, அந்தக் கையோடு டில்லிக்கு வந்து டைப்பிஸ்ட் வேலையில் சேர்ந்தவள். ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் அவளைப் பார்த்தால் மடியில் ஏறிக்கொள்ளும். போன வாரம் கிருபா அவளிடம் ஸ்கூட்டர்காரரைப் பற்றிக் கேட்டாள்.

"ஆபீஸ்ல கூட வேலை பாக்குதவர். ராஜாராமன்னு பேரு." சலோமி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "எனக்கு அவரைப் பிடிச்சிருக்குக்கா. உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்?"

அதைச் சரியென்பதா தப்பென்பதா என்று கிருபாவுக்குத் தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

அவள் கணவர் மாசிலாமணிக்குத் தெரிந்திருந்தது. சபைக் கமிட்டியின் செயலாளர் அவர். காலையில் சவரம் செய்துகொண்டே சொன்னார்: "நீதான் அவளுக்காகப் பேசிக்கிட்டே இருக்கேன்னு கமிட்டி தயங்குது. இன்னைக்கு நீ அவ பேரைச் சொல்லி, அவ மனந்திரும்பணும்னு ஜெபிச்சிரு. அது போதும்."

"போதும்னா?"

"ஞாயிறு பள்ளியை விட்டு நிறுத்திருவோம். திருவிருந்தும் கிடையாது. ஞானம் அக்கா ரூமைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. எல்லாம் அன்போடதான்."

அன்போடதான். அந்தச் சொல் நாள் முழுக்க அவளுக்குள் கல்லாகக் கிடந்தது. குளிர் தொடங்கப் போகிறது. கணவனை விட்டு வந்தவளுக்கு இந்த ஊரில் யார் அறை கொடுப்பார்கள்?

ஞானம் அக்காவே கொடுத்திருக்கக் கூடாத அறைதான் அது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் வாடகைக்கு ஆள் வைப்பது குற்றம். தெரிந்தால் வீடே போய்விடும். அந்த பிளாக்கில் பாதிப் பேர் வைத்திருந்தார்கள். சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் டிரங்குப் பெட்டிகள் வீடு மாறும். போன மாதம் சலோமியின் பெட்டி கிருபாவின் கட்டிலுக்கடியில் இருந்தது. இன்ஸ்பெக்டர் சலோமியைக் காட்டி, "யே கௌன் ஹை?" என்று யாரென விசாரித்ததும் ஞானம் அக்கா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "மேரி பேட்டி ஹை" என்று தன் மகளாக்கிக்கொண்டாள். அக்காவுக்கு மூன்றும் பையன்கள்.

அவர் போனபின் எல்லோரும் இதே அறையில் டீ குடித்தார்கள். "பொய் இல்லட்டி," என்றாள் அக்கா. "கர்த்தருக்குள்ள அவ எனக்கு மகள்தானே." எல்லோரும் சிரித்தார்கள். சலோமி சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அவள் அதை நம்பிவிட்டாள் என்பது அப்போது கிருபாவுக்குப் புரியவில்லை.

இப்போது புரிந்தது.

முழங்காலில் ஞானம் அக்காவின் கை பட்டது. "கிருபா, உன் முறை."

பக்கத்து வீட்டு டிவியில் இசை தொடங்கிவிட்டது. யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"நான் ஜெபிக்கலைக்கா."

"தொண்டை கட்டிருக்கா?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு."

கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஞானம் அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "பின்ன என்னட்டி? அவ ஆத்துமாவுக்காகத்தானே கேக்கோம்."

"இன்ஸ்பெக்டர் வந்தன்னைக்கு அவ உங்க மகளா இருந்தாளேக்கா."

"அது வேற, இது வேற."

"மகளைப் பத்தி இப்படி ஊர் கேக்க ஜெபிப்பீங்களா?"

"இவ என்ன, அந்தப் பாவத்துக்கு வக்காலத்து வாங்குதா?" என்றாள் பாக்கியம்.

"அவ செய்யுதது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல," என்றாள் கிருபா. உண்மையாகவே தெரியவில்லை. "பொய் சொல்லி வீட்டைக் காப்பாத்தினது நாம எல்லாரும்தான். என் கட்டிலுக்கடியிலயும் பெட்டி இருந்துச்சி. அதை ஒருத்தரும் ஜெபக் குறிப்புல சேர்க்கலையே."

எமிலி ஜமக்காளத்தின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இது மாசிலாமணியின் காதுக்கு இன்றைக்கே போய்விடும். போகட்டும்.

ஞானம் அக்காவின் குரல் மெத்தென்று ஆனது. கோபம் வந்தால் அவள் குரல் அப்படித்தான் ஆகும். "சரிம்மா. உனக்குப் பாரம் இல்லன்னா விடு. உன் பங்கையும் நானே ஜெபிச்சு முடிச்சிருதேன். நீ ஆமென் மட்டும் சொல்லு. சங்கிலி அறுந்துரக் கூடாது பாரு."

கண்கள் மறுபடி மூடின. சலோமியின் பெயர் இப்போது முழுதாக, தெளிவாக, அவளுடைய தகப்பன் பெயரோடு சேர்ந்து, கர்த்தரிடம் சொல்லப்பட்டது. கிருபா கண்ணை மூடவில்லை. திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. திரையை ஒட்டி அசையாமல் நின்றன. எல்லாவற்றையும் நின்றுதான் கேட்டிருக்கிறாள்.

"ஆமென்," என்றாள் ஞானம் அக்கா.

"ஆமென்," என்றார்கள் எல்லோரும். பிறகு கிருபாவின் பக்கம் திரும்பிக் காத்திருந்தார்கள்.

அவள் முக்காட்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பாதங்களையே பார்த்தபடி, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.