சீனி பூசிய ரோஜா இதழ்

கார்த்திகேசு அண்ணன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "முட்டை மட்டும் வேணாம் ஷாமினி. வீட்டுல எல்லாரும் விரதம்." அவர் மகளுக்குப் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததால் வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுக்கிறார். அதற்கு முன் குழந்தையின் முதல் பிறந்தநாள், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில். ரோஸ் சிரப்பும் பாலும் கலந்த பண்டோங், மேலே சீனி பூசிய ரோஜா இதழ். கிள்ளானில் எங்கள் கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த இதழ்தான்.

இதழில் சீனி ஒட்ட முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவுவது வழக்கம். சைவக்காரர்களுக்கு மட்டும் நான் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைத் தடவுவேன். அது லேசில் காயாது, மழைக்காலத்தில் இன்னும் மோசம். இந்த முறை நான் கேக் வேலையில் மாட்டிக்கொண்டதால் இதழ்களைத் தம்பி லோகன் செய்தான்.

மண்டபத்துச் சமையலறையில் கிளாஸ்களை அடுக்கும்போது ஒரு இதழை வாயில் போட்டேன். மொறுக்கென்று உடைந்தது. கடலைத் தண்ணீர் தடவியது அப்படி உடையாது, கொஞ்சம் வளையும். அப்புறம் அந்த முட்டைக் கவுச்சி. எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது.

"என்னடா தடவுன இதுல?"

"காயவே இல்லக்கா, நான் என்ன செய்ய? யாருக்கும் தெரியாது லா. சீனிதான் தெரியும்."

"எல்லாரும் விரதக்காரங்கடா."

"தெரியாம சாப்பிட்டா பாவம் இல்ல. சத்தம் போடாத."

பாவ புண்ணியத்துக்கு இவன்தான் மேனேஜர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கையைப் பார்த்தேன். கையுறை போட்டிருந்தான். வியர்க்கிறது, அரிக்கிறது என்று ஒருநாளும் கையுறை போடாதவன். தைப்பூசத்துக்கு அவனும் பால்குடம் எடுக்கிறான், அவனும் விரதம். தன் விரல் நுனியில்கூட முட்டை படக்கூடாது என்று காபந்து பண்ணிக்கொண்டு, அடுத்தவன் வாயில் ஊட்டக் கிளம்பியிருக்கிறான். என் கூடப்பிறந்தவன்தான் என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

"முதல் தட்டு எங்க?"

"இப்பதான் வெளிய போச்சு."

நான் கதவுக்கு ஓடினேன். கார்த்திகேசு அண்ணன் எதிரே வந்தார், கையில் நிரம்பிய கிளாஸ். "பாக்கவே அழகா இருக்கு ஷாமினி. நீங்க ரெண்டு பேரும் குடிச்சீங்களா?"

"நான் இதழைத் தின்னு பாத்துட்டேன் அண்ணே. இவன் இன்னும் தொடல." உள்ளே திரும்பி, அடுத்த தட்டிலிருந்து ஒரு இதழை எடுத்து லோகனின் வாய்க்கு நேரே நீட்டினேன். "சாப்பிடுடா."

அவன் சுவர்வரைக்கும் பின்வாங்கினான். "நான் விரதம்க்கா."

"நானும் விரதம்தானே தம்பி," என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டே. யாரும் சிரிக்கவில்லை. அவர் கிளாஸைப் பார்த்தார், லோகனைப் பார்த்தார். முகம் இருண்டது.

"முட்டை அண்ணே," என்றேன்.

கிளாஸை மேசையில் வைத்தார். "என் பொண்டாட்டி குடிச்சிட்டா. பிள்ளை வாயிலயும் ஒரு இதழ் வச்சா." லோகனின் கையுறையை அவரே உருவி எறிந்தார். "வா. அவ முகத்தப் பாத்து நீயே சொல்லு."

லோகன் என்னைப் பார்த்தான், காப்பாற்றச் சொல்லி. நான் கதவை அகலத் திறந்துவிட்டேன்.