சைபரால் வகுத்தவன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் பெரிய துரை கொழும்பிலிருந்து இறக்கிய மின்சாரக் கணக்கு மெசினை, அது வந்த மாதமே நான் கொன்றேன். சுத்தியலால் அல்ல, சைபரால்.

தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிளாக்கர். கூலியாட்களின் லயத்தில் பிறந்தவன் கிளாக்கராகிவிட்டான் என்று தோட்டமே பெருமைப்பட்டது. நான் கணக்குப் போட்டதைப் பார்த்த பிறகு அந்தப் பெருமை அடங்கிவிட்டது. ஒவ்வொரு கங்காணிக்கும் கீழுள்ள ஆள் கூட்டம் அன்றைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தை, காலைப் பெரட்டில் பேர் கொடுக்க வந்த ஆள்தொகையால் வகுத்து, தலைக்கு இத்தனை றாத்தல் என்று எழுதுவது என் வேலை.

அன்று மாயாண்டிக் கங்காணியின் கூட்டத்தில் ஓர் ஆளும் பெரட்டுக்கு வரவில்லை. கங்காணி இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவர். இங்கே தங்கும் அனுமதி முடிந்து குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறார். வழியனுப்ப எல்லோரும் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். நான் போகவில்லை. கங்காணியின் மகள் அன்னக்கொடியும் போகிறாள். அவளைப் பார்த்தால் ஏதாவது தமாஷ் சொல்ல வேண்டும். அன்று என் கைவசம் ஒன்றும் இல்லை.

ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கொழுந்துக்கு நானூறு றாத்தலை அடித்தேன். ஆள்தொகைக்குச் சைபரை அடித்தேன். வகுக்கும் கட்டையை அழுத்தினேன். மெசின் ஓடத் தொடங்கியது. சக்கரங்கள் கடகடவென்று சுழன்றன, நிற்கவே இல்லை. தட்டினேன். கும்பிட்டேன். "போதும்டா ராசா" என்றுகூடச் சொன்னேன். ரப்பர் கருகும் வாடை வந்தது.

பெரிய கிளாக்கர் குணரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், ஓடி வந்து வயரைப் பிடுங்கினார்.

"என்ன செய்தனீ?"

"வகுத்தேங்க."

"எதாலை?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மெசினுக்கு வகுக்கிறது எண்டால் கழிக்கிறதுதான். கழிக்கக் கழிக்கக் குறையும், முடிஞ்சால் நிக்கும். சைபரைக் கழிச்சால் எப்ப குறையிறது, எப்ப நிக்கிறது? உன்னை மாதிரிப் பகிடி விட்டுச் சமாளிக்கவும் அதுக்குத் தெரியாது. பாவம், விடையைத் தேடித் தேடியே எரிஞ்சு போச்சு."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"துரைக்கு நான் சொல்லுறன். கொழுந்து லொறி ஹட்டனுக்குப் போகுது, ஏறு. அந்தப் பிள்ளையிட்டை ஒருக்காலெண்டாலும் பகிடி விடாமல் கேள்."

கேட்காமல் இருந்தவனல்ல நான், எல்லாம் தமாஷாகத்தான். மழையில் கூடையோடு நனைந்து வருவாள். "என்னையக் கட்டிக்கிட்டா கொடை பிடிப்பேன்" என்பேன். "பாப்போம் கிளாக்கரய்யா, மொதல்ல கொடையில இருக்கிற ஓட்டைய அடைங்க" என்பாள். பாஸ்போர்ட் வந்த அன்று, "என்னையும் பொட்டியில வச்சுக் கொண்டு போயிரு" என்றேன். "பாப்போம், எடம் இருந்தா." இருவரும் சிரித்தோம். என்னிடம் எந்த நாட்டுக் குடியுரிமைத் தாளும் இல்லை. பெட்டிக்குள் படுத்துப் போனால்தான் உண்டு.

ஸ்டேஷனில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். கங்காணி யாரையும் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்னக்கொடி ஏற்கெனவே வண்டிக்குள், ஜன்னலோரமாக இருந்தாள்.

"என்ன கிளாக்கரய்யா, ஆபீசப் பூட்டிட்டாங்களா?"

"மெசினக் கொன்னுட்டேன்."

"அடப்பாவி, அதையுமா?"

சிரித்தாள். கண்கள் வீங்கியிருந்தன. வண்டி விசில் ஊதியது. வழக்கமாக இந்த இடத்தில் நான் இன்னொன்று சொல்வேன். வாயைத் திறந்தேன், தமாஷ் வரவில்லை.

"அன்னம், திரும்பி வருவியா? வருவேன்னா நான் இருக்கேன். எத்தன வருசம் ஆனாலும் இருக்கேன். தமாசு இல்ல."

அவள் உதடு "பா" என்று கூடியது. பிறகு மூடிக்கொண்டது. வண்டி அசைந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நான் கூடவே நடந்தேன். என் கையின் மேல் கை வைத்தாள். அது கொழுந்துக் கறை ஏறிய கை.

"சிவசாமி" என்றாள். அய்யா இல்லை, கிளாக்கர் இல்லை. "வர மாட்டேன். வரணும்னாலும் விட மாட்டாங்க. காயிதமும் போட மாட்டேன். போட்டா நீ காத்துக்கிட்டே கெடப்ப. கெடக்காத."