பனியா, ஓட்டையா

கணபதி பகுதியில் உமர் பாரூக்கின் பட்டறையில் கம்ப்ரசருக்கான காற்று டேங்க் செய்கிறார்கள். செய்து முடித்த டேங்க்கில் மத்தியான வெயிலிலேயே காற்றை அடைத்து, வால்வை மூடி, மறுநாள் வரை தொடாமல் விட்டுவிடுவார்கள். காலையில் மீட்டர் முள் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். அங்கே இதுதான் சட்டம். அதை எப்போது மதிப்பது, எப்போது மறப்பது என்பது சட்டம் போட்ட ஆண்களுக்குத்தான் தெரியும்.

அந்த மார்கழிக் காலையில் வாசலில் இரண்டு டேங்க் நின்றன. ஒன்று உமர் பாரூக்கின் தம்பி ஆரிஃப் வெல்டு வைத்தது. மற்றது உமர் பாரூக்கின் மனைவி உம்மல் குல்சும் தனியாக வெல்டு வைத்த முதல் டேங்க். இது தேறினால் இனி அவளுக்கு வெல்டிங் வேலை. தேறாவிட்டால் மறுபடி பெயிண்ட் பிரஷ். புருஷன் எல்லார் முன்னாலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

"பத்துல நின்ன முள்ளு ஒன்பதரைக்கு எறங்கிருச்சுங்ணா. அண்ணி வெச்ச வெல்டுல ஓட்டை," என்றான் ஆரிஃப். குரலில் வருத்தமே இல்லை.

குல்சும் அவனுடைய டேங்க்கைப் பார்த்தாள். அதுவும் நேற்று பத்தில் நின்றதுதான். இப்போது முள் ஒன்பதேகாலில்.

"அப்ப இது என்னங்க தம்பி?"

"அது பனிங்க அண்ணி. குளுந்தா பிரஷர் எறங்கும். எப்பவும் நடக்கறதுதான்."

அவளுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! கொழுந்தன் டேங்க்குக்கு மட்டும் பனி, அவள் டேங்க்குக்கு ஓட்டையாம்.

"ஏனுங்க," என்று புருஷனைக் கூப்பிட்டாள். "பனின்னா ரெண்டுக்கும் பனிதானுங்க. வெயில் ஏறட்டும். நேத்தைய சூடு வந்தா உள்ள இருக்கற காத்து முட்டி முள்ளைப் பத்துக்குத் தள்ளோணும். ஒழுகிப் போன காத்து எந்த வெயிலுக்கும் திரும்பி வராது. அதுவரைக்கும் ரெண்டுல ஒண்ணும் வாசலை உட்டு நகரக்கூடாது."

"டேங்க் ஏத்தற வண்டி வந்துருச்சே குல்சும்."

"நிக்கட்டுங்க."

கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. தன் வெல்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது. இருந்தால் இருக்கட்டும், அதை வெயில் சொல்லட்டும், ஆரிஃப் சொல்ல வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டேங்க் இரண்டும் தொட்டால் சுடுகிற நேரத்தில் அவளுடைய முள் பத்தைத் தொட்டது. ஆரிஃபின் முள் ஒன்பதரையைத் தாண்டவில்லை.

"மீட்டர் கோளாறுங்ணா," என்றான் ஆரிஃப்.

குல்சும் சோப்புத் தண்ணீரில் பிரஷை முக்கி அவனுடைய டேங்க்கின் வெல்டு நெடுகத் தடவினாள். அடிமூடி சேருகிற இடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. தன்னுடையதையும் விடாமல் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே இல்லை.

உமர் பாரூக் வெல்டிங் முகமூடியை எடுத்து, தம்பியைத் தாண்டி மனைவியிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். ஆனால் டேங்க் பக்கம் போகவில்லை.

"மொதல்ல காத்தைத் தொறந்து உடுங்க தம்பி. அடைச்ச காத்தோட நெருப்பு வெச்சா டேங்க்கே வெடிச்சுப்போயிரும்."

ஆரிஃப் குனிந்து வால்வைத் திறந்தான். காற்று சீறிக்கொண்டு போய், முள் பூஜ்யத்துக்கு வரும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு அவன் விட்ட ஓட்டையை அவளே அடைத்தாள்.