நான்கு முறை பதினேழு

“மேடம், போன வருஷமும் பதினேழுதான எழுதினேன்?”

“ஆமா தனசேகர். இந்த வருஷமும் அதையே எழுதிடுங்க.”

“இது ரெண்டாவது பொண்ணுங்களா?”

“அதே பொண்ணுதான், ஜெரூஷா. பேர நடுவுல எழுதுங்க. போன தடவ கடைசி எழுத்து ஓரத்துல வழிஞ்சிடுச்சு.”

சரோஜினி டீச்சரோடு நடந்த இந்தப் பேச்சைப் பெருங்களத்தூர் பேக்கரிக்காரர் தனசேகர் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த பிப்ரவரிகளில் அவர் எதுவும் கேட்கவில்லை. கேக்கின் மேல் பதினேழு என்று எழுதி, பெயரை நடுவில் அமைத்து, பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். ஜெரூஷா தயாளனுக்கு நான்கு முறை பதினேழு வயதானது. ஜிஎஸ்டி சாலைக்கு இந்தப் பக்கம் இதை அறியாதவர்கள் குறைவு. அறிந்தவர்களும், தீபாவளிக்கு முந்தைய நாள் பஸ் நிறுத்தத்தில் சேரும் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் அளவுக்குத்தான் இதைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

முதல் பதினேழு எல்லோருக்கும் வருவது போலத்தான் வந்தது. அந்த வருஷம் அவள் பிளஸ் டூ முடித்தாள், நீட் எழுதினாள், மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. அதே வாரத்தில், தஞ்சாவூருக்கு அப்பால் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருப்பதாகச் செய்தி வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய், தன் தொட்டிச் செடிகளுக்கு நடுவில் நின்று இன்னொரு முறை படித்தாள். ஆனால் ஜெரூஷா வயிற்றில் இருக்கும்போதே, இந்தப் பிள்ளை டாக்டராகி மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்யும் என்று சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னவள் அவள் அம்மா சரோஜினி. சபையும் அதை மறக்கவில்லை. ஜெரூஷா ஆறாவது படிக்கும்போதே முழங்கால் வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று அவளிடம் கேட்ட பெரியவர்கள் உண்டு. ஒரு வருஷம்தானே, இன்னொரு தடவை எழுதட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். தாம்பரத்தில் கோச்சிங் சென்டர் நடத்தும் நிகில் சாரும் அதையே சொன்னார். ஜெரூஷா பல்கலைக்கழகத்துக்கு வரவில்லை என்று பதில் அனுப்பிவிட்டு, ரிப்பீட்டர் வகுப்பில் சேர்ந்தாள்.

அவள் சேர்ந்த வாரத்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் விண்ணப்பங்களைச் சொல்லி வந்தார்கள். தன் முறை வந்தபோது சரோஜினி, “ஆண்டவரே, என் பிள்ளை இழந்துபோகிற இந்த வருஷத்தை அவள் வயதிலே கணக்கு வையாதிரும்” என்றாள். எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். மற்றவர்கள் என்றால், வருஷம் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று பொதுவாகக் கேட்டிருப்பார்கள். சரோஜினி பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதைக் கேட்டாலும் பிசகில்லாமல் கேட்டுப் பழகியவள். கேட்டது கேட்டபடியே கிடைத்தது.

முதலில் கவனித்தவர் தையல்காரர். அளவெடுக்க வேண்டியதில்லை, போன வருஷத்து அளவே சரியாக இருக்கிறது என்றார். நகமும் முடியும் வழக்கம்போல வளர்ந்தன. வயது மட்டும் நின்றது. டாக்டர் ஒருவர் பரிசோதித்துவிட்டு, எல்லாம் பதினேழு வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்னால் வந்து நிற்பது வழக்கம். சபையின் போதகர் ஏசுபாதம் ஐயர் அவளிடம் வயதைக் கேட்டார். பதினேழு என்றாள். “போன வருஷமும்…” என்று அவர் இழுக்க, “ஆமாங்கய்யா, அதே பதினேழுதான்” என்றாள். ஐயர் அவள் தலையில் கை வைத்து, மற்றப் பிள்ளைகளுக்குப் பண்ணிய அதே ஜெபத்தை அவளுக்கும் பண்ணினார்.

இரண்டாவது தடவையும் மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவது தடவையும் அப்படித்தான். தாவரவியல் கேள்விகளில் அவள் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. இயற்பியல்தான் ஒவ்வொரு முறையும் கீழே இழுத்தது. ஒவ்வொரு ஜூனிலும் அந்தப் பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்தது. ஒவ்வொரு ஜூனிலும் அவள் மொட்டை மாடியில் இரண்டு முறை படித்துவிட்டு, வரவில்லை என்று பதில் அனுப்பினாள். அவளோடு பள்ளியில் படித்த சினேகா இதற்குள் டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய், நிச்சயதார்த்தத்துக்கு அழைக்க வந்தாள். வாசலிலேயே நின்று ஜெரூஷாவின் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எப்பிடிடி இப்பிடியே இருக்க? என்ன ஃபேஸ்வாஷ் யூஸ் பண்ற?”

“நீட்,” என்றாள் ஜெரூஷா.

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சினேகா போன பிறகு ஜெரூஷா வெகுநேரம் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

வயது நின்றதில் பெரிய கஷ்டம் அவள் தம்பி காலேபுக்குத்தான் வந்தது. அவன் அவளுக்கு இரண்டரை வயது இளையவன். முதல் வருஷம் அவள் தோளுக்கு வந்தான், அடுத்த வருஷம் காதுக்கு வந்தான், அதற்கடுத்த வருஷம் அவள் அண்ணாந்து பேச வேண்டியிருந்தது. கோச்சிங் சென்டர் வாசலில் அவளை அழைத்துப்போக வண்டியில் காத்திருந்தவனை, உன் ட்வின்னா என்று வகுப்புப் பெண்கள் கேட்டார்கள். ஆரம்பத்தில் அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “ஏய் ஜெரூ, பெரியவன் சொல்றேன், கேளு” என்று அதட்டுவான். அவள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு துரத்துவாள். பிளஸ் டூ வகுப்புக்கு அவன் போனபோது இருவரும் ஒரே புத்தகத்தை வைத்துப் படித்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், உடம்பின் கணக்குப்படி அவன் அவளைத் தாண்டிவிட்டான். அது எந்த நாள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வாயில் அக்கா என்ற சொல் வரவில்லை. ஜெரூ என்றும் கூப்பிடவில்லை. சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் கதவைத் தட்டிவிட்டுப் போனான்.

பொங்கல் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை, இருவரும் பல்லாவரம் சந்தைக்குச் செடி வாங்கப் போனார்கள். செடி விற்கும் அங்காளம்மா, ஒரு மனோரஞ்சிதக் கன்றின் முன்னால் உட்கார்ந்துவிட்ட ஜெரூஷாவைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டிருந்த காலேபைக் கூப்பிட்டாள்.

“இன்னா தம்பி, தங்கச்சி எம்மா நேரமா பாத்துகினு கீது, வாங்கிக் குடேன். வூட்டாண்ட மண்ணு கீதா? இல்லாங்காட்டி பெரிய தொட்டியா பாத்து எடு. நீ இன்னாம்மா தூக்கப் பாக்கற, வுடு, அண்ணன் தூக்கிக்கினு வரும்.”

காலேப் திருத்தவில்லை. கன்றை வாங்கி, தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். பின்னாலேயே வந்த ஜெரூஷாவுக்கு அழுகை வந்தது. அவன் திருத்தாததற்காகவா, தொட்டியை அவ்வளவு சுலபமாகத் தூக்கியதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. ரயிலில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இலைகளை உடைக்காமல் பார்த்துக்கொண்டு வந்தான்.

தான் கேட்ட ஜெபத்தைச் சரோஜினி வீட்டில் கணவர் தயாளனிடம் மட்டும் சொன்னாள். இழக்கிற வருஷம்தான் கணக்கில் சேராது, பிள்ளை எங்கேயாவது போய்ச் சேர்ந்த அன்றே வயது மறுபடி ஓடத் தொடங்கிவிடும் என்பது அவள் போட்ட கணக்கு. அப்படியென்றால் வேண்டாம் என்று திரும்ப ஜெபிக்க வேண்டியதுதானே என்று தயாளன் கேட்டார். அவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர்; வந்தது எதுவும் ஒரு நாள் போய்த்தான் ஆக வேண்டும் என்று நினைக்கிறவர். சரோஜினி சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். மற்ற வீடுகளில் பிள்ளைகள் பெங்களூருக்கும் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டில் ஒரு பிள்ளை அதே சுடிதாரோடு, அதே பின்னலோடு, அம்மா ஸ்கூல் விட்டு வந்ததும் காபி போட்டுத் தருகிறாள். அதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தயாளனுக்கும் அதற்கு மேல் வற்புறுத்த மனம் வரவில்லை. அந்தக் காபியை அவரும்தான் குடித்தார்.

அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நேராக எதையும் கேட்பதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். கேட்க வேண்டியதையெல்லாம் மற்றவர்கள் காதில் விழும்படி அங்கே ஆண்டவரிடம் கேட்டுக்கொள்வார்கள். காலேபுக்கு ஈரத் துண்டைக் கட்டிலில் போடாத நல்ல மனசைத் தாரும் என்று சரோஜினி கேட்பாள். இந்த வாரமாவது மீன் குழம்பு கிடைக்கும்படி கிருபை செய்யும் என்று தயாளன் கேட்பார். வயதில் சின்னவர் முதலில் ஜெபிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அப்பாவையும் அம்மாவையும் அக்காவையும் ஆசீர்வதியும் என்று சின்ன வயதிலிருந்து காலேப்தான் ஆரம்பித்து வந்தான். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு, யார் சின்னவர் என்பதில் குழப்பம் வந்துவிட்டது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, மற்றவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். கடைசியில் தயாளன் தொண்டையைச் செருமி, தானே ஆரம்பிப்பார். ஜெரூஷாவின் படிப்பு விஷயம் வரும்போது மட்டும் அவரும் சரோஜினியும் எதையும் கேட்கமாட்டார்கள். உம்முடைய சித்தம் என்று சொல்லிவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார்கள்.

நான்காவது ஜூனில் மதிப்பெண் மறுபடி கொஞ்சம் குறைந்தது. காலேபுக்குக் கோவிலம்பாக்கம் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜூலையில் அவனுக்குப் பதினெட்டு. தாவரவியல் இடமும் வழக்கம்போல வந்தது. ஆனால் பாடத்திட்டம் மாறுவதால் இனிமேல் பழைய பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இடம் தர இயலாது என்று இந்த முறை அதில் எழுதியிருந்தது. பதில் சொல்ல அன்று ராத்திரி வரைதான் நேரம். காலையில் நிகில் சார் போன் பண்ணினார். “அஞ்சாவது தடவ அடிச்சிரலாம்மா, ஃப்ரன்ட் பெஞ்ச் உனக்குத்தான்” என்றார். ஜெரூஷா சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். “உன் இஷ்டம்மா. எங்களுக்கு ரெண்டும் சந்தோஷம்தான்” என்றாள் சரோஜினி, கொத்தமல்லியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அப்பாவும் அதையே சொல்லி, கூடவே அவள் தலையைத் தடவினார். மொட்டை மாடியில் காலேப் பெரிய தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்திக்கொண்டிருந்தான். அவனிடமும் கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு, நகர்த்தின தொட்டியையே மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்தினான். இத்தனை வருஷமும் அவளுக்கு வேண்டியிருந்ததெல்லாம், யாராவது ஒருவர் அவளிடம் எதையாவது கேட்க வேண்டும் என்பதுதான். போ என்றாலும் சரி, இரு என்றாலும் சரி. அவளை நோகடித்துவிடக் கூடாது என்று எல்லோரும் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள், பதில் சொல்லாமலே இருந்துவிடலாம் என்ற இடத்துக்கு அவள் வந்திருந்தாள். பதினேழு பழகிவிட்டது.

ஏழு மணிக்கு நால்வரும் பாயில் உட்கார்ந்தார்கள். ஒரு பாட்டுப் பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, கண்களை மூடினார்கள். வழக்கமான அமைதி வந்தது. தயாளன் செருமுவதற்காக மூச்சை இழுத்தார்.

“நான்தான் சின்னவன்,” என்றான் காலேப். “நான் ஆரம்பிக்கிறேன்.”

மூவரும் காத்திருந்தார்கள். ஆண்டவரே என்ற வார்த்தை வரவில்லை. சரோஜினி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அவன் ஜெபிக்கக் கைகளைக் கூப்பவே இல்லை. பாயில் அக்காவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம், அக்காவோடு ஸ்கூலுக்குப் போகவேண்டும் என்று அழுத நாட்களில் இருந்ததைப் போல இருந்தது. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றி ஜெரூஷாவும் கண்ணைத் திறந்தாள்.

“அடுத்த மாசம் எனக்குப் பதினெட்டு,” என்றான். “நீ இன்னும் ஒரு வருஷம் இருந்தா நான் உனக்கு அண்ணனாயிடுவேன். எனக்கு அது வரலக்கா. சந்தையில அந்தம்மா சொன்னப்ப வாயத் திறந்தா அழுதுடுவேன்னுதான் பேசாம வந்தேன். உனக்கு என்ன வயசா இருந்தாலும் எனக்குப் பரவால்ல. ரெண்டு பேரும் ஒரே வயசுன்னா ஒரே வயசாவே இருந்துட்டுப் போவோம். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன், இப்ப கேக்கறேன். நீ போய்ச் சேருக்கா. எனக்கு முன்னாடி நீ போ.”