கழிவு என்று எழுதிய குடுவை

அக்காவுக்கு மூன்று நாளாக வயிறு எரிகிறது. ஆய்வுக்கூடத்தில் வயதில் மூத்தவர்களுக்குக்கூட அவள் அக்காதான். மனித ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் செய்யவைக்க இரண்டு வருஷமாகக் குட்டிக்கரணம் போட்டுவிட்டாள். மனித மரபணுவை உள்ளே வைத்தால் அதுவும் எதையோ செய்துதான் கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகக் குழாயின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கட்டியாகிப்போன ஏற்பி ஹார்மோனைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

புதுசு என்று எல்லாரும் கூப்பிடும் பெண் வந்து நாலு மாதம்தான் ஆகிறது. பாக்டீரியாவைக் குளிரில் மெதுவாக வளரவிட்டாள், ஏற்பி கரைந்து தெளிந்து நின்றது. அக்காவும் குளிரில் வைத்துப் பார்த்தவள்தான். அவளுக்கு நிற்காதது இவளுக்கு எப்படி நின்றது? “இதைத்தாம்மா ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருந்தேன்” என்று பேராசிரியர் புதுசிடம் சொன்னபோது அக்கா பக்கத்திலேயே நின்றாள். அந்த ரெண்டு வருஷம் யார் தலையில் விழுந்தது என்று தெரியாத அளவுக்கு அவள் மண்டு இல்லை.

இன்று அந்த ஏற்பியைச் சுத்தம் செய்யும் நாள். நிக்கல் பூசிய நீல மணிகள் நிரப்பிய குழாய் வழியாகத் திரவத்தை விட்டால் மணிகள் ஏற்பியை மட்டும் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கீழே குடுவைக்குள் ஒழுகிவிடும். குளிர் அறைக்குள் வேறு வேலையாக நுழைந்த அக்கா அந்தக் குழாயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மணிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

அவசரக்குடுக்கை! உலோகத்தை உரித்தெடுக்கும் உப்புக் கலந்த பாட்டிலை மாற்றி ஊற்றியிருக்கிறாள். நிக்கல் போய்விட்டால் மணி எதைப் பிடிக்கும்? ஏற்பி முழுக்கக் கீழே இருக்கும் குடுவையில்தான் இருக்கிறது. அதன்மேல் புதுசின் கையெழுத்தில் ‘கழிவு’ என்று இருந்தது. ஐந்து மணிக்குக் குடுவைகளைக் கழுவுகிறவர் வந்து, அப்படி எழுதியதையெல்லாம் தொட்டியில் கொட்டுவார். ஐந்தாகப் பத்து நிமிஷம்தான். அக்கா ஒன்றும் செய்யவேண்டாம், சும்மா வெளியே போனால் போதும்.

குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு கட்டி இல்லை. பாவி, என்ன தெளிவு. இதைக் கொட்டவிட அவளுக்கு மனசு வரவில்லை. தன் மேஜைக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டிக்குள் புதைத்தாள். இது புதுசுக்காக இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பாக்டீரியாக் குப்பையோடு கிடந்தால் ஐஸிலும் ரொம்ப நேரம் தாங்காது, உடனே அந்த உப்பை நீக்கிப் புது மணிகளில் ஏற்றியாகவேண்டும்.

அதற்குள் புதுசு வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“ஒண்ணுமே வரலக்கா. மணியக் கழுவி எடுத்தத சோதிச்சுப் பார்த்தா, ஏற்பி இருந்தா தெரியுற பட்டையே இல்ல. சார் இந்த வேலையையே மூடிடலாம்னு சொல்றாரு.” மூக்கை உறிஞ்சினாள். “உங்களுக்கே வராதது எனக்கு வந்துடுச்சுன்னு ஆடினேன்ல, எனக்கு நல்லா வேணும்.”

உங்களுக்கே. அந்த ஒரு வார்த்தையில் அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

“அழாத” என்றாள்.

புதுசு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள். அக்கா ஒரு கையால் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். இன்னொரு கை பின்னால் ஐஸுக்குள் குடுவையின் கழுத்தைப் பிடித்திருந்தது. சொல்லிவிடலாம், கட்டாயம் சொல்லிவிடலாம், இன்னும் ஒரு நிமிஷம் அழட்டும். விரல்கள் மரத்து, குடுவை எது, கை எது என்று தெரியாமல் போன பிறகும் முதுகில் இருந்த கை இதமாகத் தட்டிக்கொண்டே இருந்தது.